வைக்கோல் தாங்கும் பாலாடைக்கட்டி

பிரான்சின் லுவார் ஆற்றங்கரையை ஒட்டிய தூரேன் வட்டாரத்து உழவர் சந்தைகளில், ஒரு முனை சற்றே பருத்து மறுமுனை மெலிந்த சாம்பல் நிற உருளைகளாக அடுக்கப்பட்டிருக்கும் செந்த்-மோர் த தூரேன், காய்ச்சாத ஆட்டுப்பாலை ஏறத்தாழ ஒரு நாள் மெல்லப் புளித்து உறையவிட்டு, அச்சில் வார்த்து, நீர் வடிந்தபின் உப்பும் மரக்கரித்தூளும் பூசி ஆக்கப்படும் பாலாடைக்கட்டியாகும். அதன் நடுவே நீளவாக்கில் செருகப்படும் ரை எனும் தானியப்பயிரின் வைக்கோல் தண்டு, இளங்கட்டி ஒடியாமல் தாங்குவதோடு, பிறந்த மண்ணின் பெயரைப் பிறர் பயன்படுத்தாதவாறு காக்கும் சட்ட உரிமை 1990இல் கிடைத்த இப்பண்டத்தின் பெயரையும் தயாரிப்பாளரின் அடையாளக் குறியையும் லேசரால் பொறித்த நுண்ணெழுத்தில் சுமக்கிறது. உண்பவர் உருவி எறியும் பொருளே சான்றிதழாவது வேடிக்கைதான். இளமையில் புளிப்பு மேலோங்கும். சில வாரம் முதிர்ந்து, தோல் சுருங்கி நீலம் பாரித்தபின் எழும் கொட்டைப்பருப்பு மணமே அதன் உண்மையான சிறப்பு எனலாம்.