மூக்கு பெரிசா இருக்கே சார்

போட்டோகிராஃபி சங்கக் கூட்டங்களில் ஒரு போர்ட்ரெய்ட் திரையில் வந்ததும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “மூக்கு ரொம்பப் பெரிசா இருக்கே சார்.” அறையில் லேசான சிரிப்பு எழும். படம் எடுத்தவரும் சேர்ந்து சிரிப்பார். மூக்குக்கு உரியவர் அங்கே இருக்கமாட்டார்.

அதே குறையை வேறு மாதிரியும் சொல்லலாம். “வைடு லென்ஸைப் போட்டுக்கொண்டு ஒன்றரை அடியில் நின்று எடுத்திருக்கிறீர்கள். கேமராவுக்குக் காதைவிட மூக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் ஊதித் தெரிகிறது. ஐந்தாறு அடி பின்னால் போய் 85 மி.மீ. லென்ஸில் எடுத்துப் பாருங்கள்.” முதலில் சொன்னதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவதில் ஒரு பாடம் இருக்கிறது. அது படமெடுத்தவர் நின்ற இடத்தைப் பற்றிய பாடம். போர்ட்ரெய்ட் விமர்சனத்தில் நாகரிகம் என்பதில் பாதி இந்த வித்தியாசத்திலேயே அடங்கிவிடுகிறது. எடுத்தவர் தேர்ந்தெடுத்ததைப் பேசலாம். எடுக்கப்பட்டவர் பிறவியில் கொண்டுவந்ததைப் பேச நமக்கு வேலையில்லை.

இதைச் சொன்னால், “அப்படியானால் விமர்சனமே வேண்டாமா?” என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். தன் மகளைப் படமெடுத்த அப்பா அந்தப் படத்தில் மகளைத்தான் பார்ப்பார். அவள் தலைக்குப் பின்னால் முளைத்து நிற்கும் மின்கம்பம் அவர் கண்ணில் படாது. அவளைத் தெரியாத ஒருவர்தான் கம்பத்தைப் பார்க்கிறார். துளையை 1.8-க்குத் திறந்து வைத்து நெருங்கி எடுத்ததில் ஃபோகஸ் கண்ணை விட்டுக் காதோரம் போய் உட்கார்ந்திருப்பதையும் அவர்தான் சொல்வார். அந்தப் பெண் அவருக்கு யாரோ என்பதுதான் விமர்சகரின் பலம். சிக்கலும் அதிலிருந்தே வருகிறது. யாரோ என்பதால் வாய்க்கு வந்ததைச் சொல்லவும் அவருக்குத் தடையில்லை. பெண்கள் படம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒளியைப் பற்றிய பேச்சு இரண்டு நிமிடத்தில் இடுப்புக்கு இறங்கிவிடும்.

வெறும் “சூப்பர் சார், அருமை” கூட்டத்தைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அதனால் யாருக்கும் காயமில்லை, யாரும் எதையும் கற்றுக்கொள்வதும் இல்லை.

நம் ஊரில் தனியாகக் கவனிக்க வேண்டியது நிறம். “முகம் டல்லா இருக்கு, கொஞ்சம் தூக்கிவிடுங்க” என்பது இங்கே தினமும் கேட்கிற விமர்சனம். அது சில நேரம் நியாயமானது. பின்னால் வெளிறிய வானம் இருந்தால் மீட்டர் அதில் ஏமாந்து முகத்தை இருட்டடித்துவிடும். அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் எக்ஸ்போஷர் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும் கருவி. கறுத்த முகத்தில் ஸ்பாட் மீட்டரை வைத்து அது சொன்னபடியே எடுத்தால், முகம் இருப்பதைவிட வெளுத்துத்தான் வரும். விவரம் தெரிந்தவர் ஒரு ஸ்டாப் குறைத்து, அந்தக் கறுப்பை அதன் செழுமையோடு கொண்டுவருவார். அப்படிப் பக்குவமாக எடுத்த படத்தையும் “டல்” என்று தள்ளும்போது பேசுவது கண்ணல்ல, கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணை வெளுக்கவைத்துப் பழகிய கை. இந்த இடத்தில் விமர்சனம் ரசனை என்ற பெயரில் சாதிப்பது வேறொன்றை.

தொழில்நுட்ப விமர்சனத்தில் இன்னொரு வசதியும் உண்டு: கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலே கூட்டத்தை முடித்துவிடலாம். குலசேகரன்பட்டினம் தசராவிலும் கூவாகம் திருநங்கையர் திருவிழாவிலும் கேமராக்கள் மொய்க்கின்றன. அங்கிருந்து வரும் படங்களில் கிளாரிட்டியை ஏற்றிச் சுருக்கங்களை ஆழமாக்கிய கிழவர்கள், கண்கலங்கிய திருநங்கைகள். கண்ணில் கேட்ச்லைட் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். கூவாகச் சடங்கில் தாலி அறுத்து அழுதுகொண்டிருக்கும் ஒருவரிடம் எடுக்கலாமா என்று கேட்டீர்களா என்று கேட்பதில்லை. கேட்டால் “கலையில் அரசியல் பேசாதீங்க” என்பார்கள்.

இந்தப் பிரச்சினைக்கு வயது அதிகம். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், டோரதியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். ‘மைக்ரண்ட் மதர்’ என்று உலகம் முழுக்கத் தெரிந்த படம். பெயரையோ கதையையோ தான் கேட்கவில்லை என்று லாங்கே பிற்பாடு தாமே எழுதினார். படத்தின் கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. பார்வையைச் சிதறடிக்கிறது என்று லாங்கே அதை நெகட்டிவில் அழிக்க வைத்தார். அவரை வேலைக்கு அமர்த்திய அரசுத் திட்டத்தின் பொறுப்பாளர் ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆவணத்தில் கைவைப்பதா என்பது அவர் கட்சி. இரண்டுமே பொருட்படுத்தத் தக்க வாதங்கள். ஆனால் பேச்சு விரலைப் பற்றியதாக இருந்தது. முகத்துக்கு உரியவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிய 1978 ஆயிற்று. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், அதனால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்பது அப்போது அவர் சொன்னதன் சாரம். லாங்கேவும் அதை விற்றுப் பணக்காரராகிவிடவில்லை. அது அரசாங்கத்தின் படம். நாளிதழில் செய்தி வந்ததும் முகாமுக்கு உணவு போனது, அதற்குள் தாம்சனின் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தது. ஆக, படம் நல்லது செய்தது. படத்தில் இருந்தவருக்குச் செய்யவில்லை.

எல்லா முகங்களுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1941 டிசம்பரில் ஒட்டாவாவில் யூசுஃப் கார்ஷ், சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கிவிட்டுப் படமெடுத்தார். அந்த முறைப்புதான் படம். சர்ச்சிலுக்குப் பதில் சொல்லவும் எழுந்து போகவும் முடியும். அவர் முகத்தைப் பற்றி யார் என்ன எழுதினாலும் அவருக்கு நட்டமில்லை. அதிகாரத்தில் இருப்பவரின் படத்தில் முகத்தையும் பேசலாம். முகாமில் இருப்பவரிடம் அது செல்லாது.

மற்றவர் படத்தை எடுத்து “நானே எடிட் பண்ணிப் பார்த்தேன்” என்று காட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். படமெடுத்தவர் கேட்டால் செய்யலாம். வெளிச்சம், வெட்டு, நிறச் சமன்வரை சரி. தாடையை ஒடுக்குவது, மருவை அழிப்பது விமர்சனமே அல்ல.

ஆப்கான் அகதிச் சிறுமி ஷர்பத் குலாவின் முகம் 1985 ஜூனில் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வந்தது. பச்சைக் கண்களைப் பற்றிப் பேசாதவர் இல்லை. 2002-இல் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை. மாதக் கூட்டம் நடத்தும் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் மதிப்பெண் தாளில் ஒளி, கம்போசிஷன், ஃபோகஸ் என்று கட்டங்கள் இருக்கின்றன. “படத்தில் இருப்பவருக்கு இந்தப் படத்தைக் காட்டினீர்களா?” என்று இன்னொரு கட்டம் போடுங்கள். மதிப்பெண் வேண்டாம். ஆம், இல்லை போதும்.