படவஞ்சலட்டையும் ஊர்ப்பெயரும்: சென்னைப் புறநகர்த் தொகுப்புகளின் பட்டியலாக்கம் குறித்த ஒரு திறனாய்வு

0. முன்னுரை

பழைய படவஞ்சலட்டை பெரும்பாலும் ஒரு பெயரைத் தாங்கியே பட்டியலாளரின் கைக்கு வந்து சேர்கிறது. படத்தின் கீழோ மேலோ அச்சிடப்பட்டுள்ள ஒரு வரி, இஃது எந்த ஊர், எந்தக் கட்டடம், எவ்வகை மனிதர் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நூலுக்குத் தலைப்புப் பக்கம் எவ்வாறோ அவ்வாறே அட்டைக்குப் படக்குறிப்பு என்று கொண்டு, அதனை உள்ளவாறே எடுத்தெழுதி, பொருள் தலைப்பையும் அதிலிருந்தே அமைத்துக்கொள்வது எளிதில் நிகழக்கூடிய ஒன்று. இம்முறையின் முதற்பகுதி சரியானது. இரண்டாம் பகுதி பிழையானது. அச்சிட்ட வரி அட்டையின் ஓர் உறுப்பு. அட்டை காட்டும் இடத்தின் பெயர் அன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தாத பட்டியலில், அவ்விடத்திலேயே வாழ்வோர் தம் ஊரைத் தேடிக் காண இயலாது. சைதாப்பேட்டை, கிண்டி, அடையாறு, பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய சென்னையின் தெற்குப் புறநகர்ப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கருத்தை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

1. அட்டையின் தோற்றமும் படக்குறிப்பின் இயல்பும்

1869இல் ஆஸ்திரிய-ஹங்கேரியில் அஞ்சலட்டை அறிமுகமாயிற்று. இந்தியாவில் 1879இல் கால் அணா அட்டை வெளிவந்தது. இது படமில்லாத, அரசு வெளியீடான அட்டை. படவஞ்சலட்டை பின்னர் வந்தது; தனியார் அச்சிட்டு விற்றது. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், வீல் அண்டு க்ளைன் முதலிய நிறுவனங்கள் இவற்றை வெளியிட்டன. முதல் உலகப் போருக்கு முன்னர் பல நாட்டு அட்டைகளும் ஜெர்மனியில் அச்சிடப்பட்டு வந்தன. எனவே, ஓர் ஊரில் எடுத்த படத்திற்கு வேறோர் ஊரில் விற்போர் குறிப்பு எழுத, மற்றொரு நாட்டில் அச்சுக் கோப்போர் அதனை எழுத்தாக்கும் நிலை இருந்தது. அவ்வூரின் பெயரை நாள்தோறும் ஒலிப்பவர் இச்சங்கிலியில் இடம்பெற வேண்டிய தேவையே இல்லை.

நூலின் தலைப்பை ஆசிரியர் தம் நூலின் பொருள் நோக்கி இடுகிறார். படக்குறிப்போ வாங்குவோர் நோக்கி எழுதப்படுகிறது. வாங்குவோர் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலம் கற்றோரும் ஆதலின், பெயர்கள் அவர்கள் வழங்கிய வடிவிலேயே அமைந்தன. இவ்வேறுபாடு உணரப்படாமையே பிற குறைகளுக்கெல்லாம் தோற்றுவாய் எனலாம்.

2. ஒலிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு, தனிப்பெயர்

படக்குறிப்பில் வரும் ஆங்கில ஊர்ப்பெயர்களைத் தமிழ்ப் பெயர்களோடு ஒப்பிடுங்கால் மூவகை உறவுகள் புலனாகின்றன.

முதலாவது, ஒலித்திரிபு உறவு. எழும்பூர் 'எக்மோர்' ஆனதும், திருவல்லிக்கேணி 'ட்ரிப்ளிக்கேன்' ஆனதும் இவ்வகையின. ழகரம் போன்ற ஒலிகள் இல்லாத மொழியில் பெயர் புகும்போது நேரும் மாற்றங்கள் இவை. பாக்கம் என்னும் ஈறு உரோமன் எழுத்தில் பல எழுத்துக்கூட்டுகளைப் பெற்றுள்ளமையால், நுங்கம்பாக்கம் போன்ற ஒரே பெயர் அகரவரிசையில் சிதறிக் கிடக்க நேரிடும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு உறவு. சின்னமலை ஆங்கிலத்தில் 'லிட்டில் மவுண்ட்' என வழங்குவது இதற்குச் சான்று. இங்கு ஒரு பெயர் கிடைத்தால் மற்றதை ஊகித்தறியலாம்.

மூன்றாவது வகையில்தான் பட்டியலாளர் இடர்ப்படுகிறார். 'செயின்ட் தாமஸ் மவுண்ட்' என்னும் பெயர் மலையைப் புனிதர் ஒருவரோடு தொடர்புபடுத்துகிறது. பரங்கிமலை என்னும் பெயரோ அங்குக் குடியேறிய பரங்கியரை, அதாவது போர்ச்சுக்கீசியரைச் சுட்டுகிறது. 1523இல் போர்ச்சுக்கீசியர் அம்மலைமேல் தேவாலயம் எழுப்பினர். ஆங்கிலப் பெயர் சமய மரபிலிருந்து பார்க்கிறது. தமிழ்ப் பெயர் மலையடியிலிருந்து பார்க்கிறது. ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு அன்று. 'புனித தோமையார் மலை' என்னும் வடிவமே மொழிபெயர்ப்பு. ஆகவே இம்மலைக்கு ஒலிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு, தனிப்பெயர் என மூன்று வடிவங்களும் தமிழில் வழங்குகின்றன. படக்குறிப்பிலிருந்து நேரே தமிழாக்கம் செய்யும் பட்டியலாளர் 'புனித தோமையார் மலை' என்றே எழுதுவார். பரங்கிமலை என்று தேடுவார்க்கு அந்த அட்டை இல்லாததாகிவிடும்.

3. பெயரும் பொருளும்

பெயர் வடிவங்களை ஒன்றிணைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று கருதுதலும் பொருந்தாது. அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் கட்டிய பாலம் 'மர்மலாங் பாலம்' எனப்பட்டது. மர்மலாங் என்பது மாம்பலம் என்னும் பெயரின் திரிபாகக் கொள்ளப்படுகிறது. அவ்விடத்தில் 1960களில் எழுந்த புதிய பாலம் மறைமலையடிகள் பெயரைத் தாங்கி நிற்கிறது. மர்மலாங் பாலம் என்னும் குறிப்புடைய அட்டையை 'மறைமலையடிகள் பாலம்' என்று பதிவு செய்தால் இடம் சரியாக அமையும், பொருள் தவறாகிவிடும். படத்திலுள்ளது இடிக்கப்பட்ட பாலம். இங்குத் தேவைப்படுவது 'காண்க' என்னும் நோக்குக் குறிப்பு அன்று; 'மேலும் காண்க' என்பதே. முன்னது இரு பெயரும் ஒரு பொருள் எனக் கூறுகிறது. பின்னது இரு பொருள்கள் தொடர்புடையன எனக் கூறுகிறது. எழுத்தளவில் சிறிதாகிய இவ்வேறுபாடு வரலாற்றளவில் பெரிது.

இதற்கு இணையானது 'லாங் டேங்க்' என்னும் பெயர். இந்திய ஆங்கிலத்தில் 'டேங்க்' என்பது குளத்தையும் ஏரியையும் குறிக்கும். அகராதியை மட்டும் நம்பி 'நீண்ட தொட்டி' என்று எழுதினால் நகைப்புக்கிடமாகும். அது மாம்பலத்தை ஒட்டிக் கிடந்த பெரிய ஏரி. 1920களில் அதன் ஒரு பகுதியின் நீரை வடித்துத்தான் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. இன்று கடைத்தெருவாக அறியப்படும் ஒரு பகுதி முன்னர் நீர்ப்பரப்பாக இருந்தமைக்கு அத்தகைய அட்டை சான்றாகக் கூடும். ஆனால் மாம்பலம், ஏரி, தியாகராய நகர் ஆகிய மூன்று சொற்களும் பதிவில் இடம்பெற்றாலன்றி அச்சான்று எவர் கைக்கும் எட்டாது.

'அடையாறு' என்னும் பெயர் எதிர்மாறான சிக்கலுடையது. அஃது ஆற்றின் பெயர், ஊரின் பெயர், 1882இல் அங்கு நிலைகொண்ட பிரம்மஞான சபையையும் பேச்சுவழக்கில் அதுவே சுட்டும். ஒரு பெயருக்குப் பல பொருள்கள் உள்ள இடத்தில் அடைமொழியின்றி எழுதப்படும் தலைப்பு, ஆற்றங்கரைக் காட்சியையும் சபைத் தோட்டத்து ஆலமரத்தையும் ஒரே குவியலில் சேர்த்துவிடும்.

4. புறநகர் என்னும் நகரும் எல்லை

புறநகர் என்பது நிலையான வகைப்பாடு அன்று. நகர எல்லைக்குப் புறத்தே அமைந்த குடியிருப்பு தமிழ் மரபுக்குப் புதியதும் அன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியே தங்கும் பகுதியின் பெயராலேயே 'புறஞ்சேரி இறுத்த காதை' அமைந்துள்ளது. பேட்டை என்னும் ஈறும் கோட்டைக்கோ நகருக்கோ புறத்தே அமைந்த வணிகக் குடியிருப்பைக் குறித்து வழங்கியதே. ஆயினும், எது உள், எது புறம் என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளது.

சைதாப்பேட்டை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் நிர்வாகத் தலைமையிடமாக இருந்தது. 1946இல் சென்னை நகருடன் இணைக்கப்பட்டது. 1996இல் 'மெட்ராஸ்' என்னும் பெயர் ஆங்கிலத்திலும் சென்னை ஆயிற்று. 1997இல் பழைய மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2019இல் செங்கல்பட்டு என்னும் பெயரில் மீண்டும் ஒரு மாவட்டம் தோன்றியது. பெயர் பழையது; எல்லை வேறு. ஆலந்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. பல்லாவரம் 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாயிற்று.

இந்நிலையில், நூற்றாண்டுக்கு முந்தைய சைதாப்பேட்டை அட்டையைச் 'சென்னை' என்னும் தலைப்பின்கீழ் மட்டும் வைப்பது காலவழு. 'செங்கல்பட்டு' என்னும் தலைப்பின்கீழ் மட்டும் வைப்பதோ, இன்றைய மாவட்டத்தோடு மயங்கச் செய்யும். அட்டைகளில் 'மெட்ராஸ்' என்று அச்சிட்டிருப்பதும் இங்கு உதவாது; விற்போருக்கு அது நிர்வாக எல்லையைக் குறிக்கும் சொல் அன்று, வாங்குவோர் அறிந்த பெருநகரின் பெயர். எனவே அட்டையின் காலத்து நிர்வாக இடம், இன்றைய நிர்வாக இடம் என இரண்டு இடச்சுட்டுகள் தேவை. முன்னது வரலாற்றாசிரியருக்கு வழிகாட்டும். பின்னது ஊராருக்கு வழிகாட்டும்.

5. மனிதரைக் குறிக்கும் சொற்கள்

இடக்காட்சி அட்டைகளோடு, தொழில், சாதி ஆகியவற்றால் மனிதரை 'வகை'களாகக் காட்டும் அட்டைகளும் இத்தகைய தொகுப்புகளில் கலந்திருக்கும். இவற்றின் குறிப்புகளில் மனிதருக்குத் தனிப்பெயர் இராது, வகைப்பெயரே இருக்கும். 'கூலி' என்னும் சொல் இங்குக் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் அஃது ஆளைக் குறிக்கிறது. தமிழில் உழைப்புக்குத் தரும் ஊதியமே அதன் முதற்பொருள். ஆளைக் குறிக்கும் வழக்கும் உண்டு. ஆங்கிலக் குறிப்பில் கண்ட சொல்லைத் தமிழ்ச் சொல்தானே என்று விளக்கப் பகுதியில் அப்படியே எழுதும் பட்டியலாளர், அச்சொல் இடையில் பெற்ற இழிவுப் பொருளையும் உடன் ஏற்றுக்கொள்கிறார்.

இதற்காகக் குறிப்பை நீக்கிவிடுதலோ மாற்றி எழுதுதலோ கூடாது. அக்கால மனப்போக்கிற்கு அதுவே சான்று. மேற்கோள் குறிக்குள் அச்சிட்ட வரியை உள்ளவாறே தருக. விளக்கப் பகுதியில் 'சுமை தூக்கும் தொழிலாளர் இருவர்' என்பது போல் படத்தில் காண்பதைக் கூறுக. பொருள் தலைப்பைத் தொழிலின் பெயரால் அமைக்க. சாதிப்பெயரை, அச்சிட்ட வரியைத் தவிர வேறு சான்று இல்லாதபோது தலைப்பாக்குதல் தகாது. விற்போர் சொன்ன சாதியைப் பட்டியலாளர் உறுதிப்படுத்தியதாக அது முடியும்.

6. பின்பக்கமும் காலக்கணிப்பும்

படத்தை மட்டும் படியெடுத்துப் பின்பக்கத்தை விட்டுவிடும் தொகுப்பு, அட்டையின் பாதியை இழந்த தொகுப்பாகும். ஓர் அட்டைக்கு மூன்று காலங்கள் உண்டு: படம் எடுத்த காலம், அச்சிட்ட காலம், அஞ்சலில் சேர்த்த காலம். பழைய படத்தை மீண்டும் மீண்டும் அச்சிடுவது பதிப்பாளர் வழக்கமாதலின், இம்மூன்றும் பல ஆண்டு இடைவெளி உடையனவாக இருத்தல் கூடும். பின்பக்கம் செய்திக்கும் முகவரிக்குமாக இரண்டாகப் பிரிக்கப்பட்ட அமைப்பைப் பிரிட்டன் 1902இலும், அமெரிக்கா 1907இலும் ஏற்றன. ஏழாம் எட்வர்டின் தலை பொறித்த தபால்தலை இந்தியாவில் 1902இல் வெளிவந்தது. இவையெல்லாம் 'இதற்கு முன்னர் அன்று' என்னும் கீழெல்லையைத் தருவனவே; மேலெல்லையைத் தாரா. அஞ்சல் முத்திரை நாளைப் படத்தின் நாளாக எழுதுவது பெரும்பிழை.

பதிப்பாளரின் ஆவணங்கள் காலக்கணிப்பிற்குப் பெருந்துணையாவன. சிகாகோவின் கர்ட் டைக் நிறுவனம் 1898 முதல் 1978 வரை இயங்கியது. அதன் அட்டைகளில் உள்ள எண்களைக் கொண்டே ஆண்டைப் பெரும்பாலும் அறியலாம். அந்நிறுவனத்தின் ஆவணத் தொகுப்பு இன்று நியூபெரி நூலகத்தில் உள்ளது. மாறாக, இலண்டனின் ராஃபேல் டக் நிறுவனத்தின் ஆவணங்கள் 1940 டிசம்பர் குண்டுவீச்சில் அழிந்தன. ஆவணம் இல்லாத இடத்தில் அட்டையே ஆவணம்; அதன் இருபுறமும் படிக்கப்படல் வேண்டும்.

செய்தியின் மொழி, எழுத்து, விளிமுறை, அஞ்சலக முத்திரையில் ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டு ஆகியன மொழியியலார்க்குத் தரவுகளாகும். எழுதியவர் அச்சிட்ட பெயரை அடித்துவிட்டுத் தாம் அறிந்த பெயரை எழுதியிருந்தால், ஊரின் வழக்குப் பெயருக்கு அதைவிடச் சிறந்த சான்று அரிது.

7. அண்மைக்கால முயற்சிகளும் ஒரு பதிவுமுறையும்

2018இல் இலண்டன் கீழ்த்திசை ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் நடைபெற்ற சென்னை-பெங்களூர் படவஞ்சலட்டைக் கண்காட்சி, அட்டைகளை நகர வரலாற்றுச் சான்றுகளாக முன்வைத்தது. அதே ஆண்டில் வெளிவந்த ஓமர் கானின் 'பேப்பர் ஜுவல்ஸ்' என்னும் நூல் பதிப்பாளர், ஓவியர், ஒளிப்படக் கலைஞர் ஆகியோரின் வரலாற்றை வெளிக்கொணர்ந்தது. சேகரிப்பாளரின் பொழுதுபோக்காகக் கருதப்பட்ட ஒன்றை ஆய்வுப்பொருளாக்கியதில் இவ்விரண்டிற்கும் பங்குண்டு. இவற்றின் தொடர்ச்சியாக, ஊர்ப்பெயரைத் தமிழ் வழியே அணுகும் பட்டியல் தேவைப்படுகிறது.

அத்தகைய பட்டியலில் குறைந்த அளவு பின்வரும் ஆறு கூறுகள் வேண்டும்:

(அ) படக்குறிப்பு, அச்சிட்டவாறே;
(ஆ) இடத்தின் தரப்படுத்திய தமிழ்ப்பெயர், பிற வடிவங்களுக்கு நோக்குக் குறிப்புகளுடன்;
(இ) அட்டையின் காலத்து, இன்றைய நிர்வாக இடங்கள்;
(ஈ) படத்தில் காண்பதன் விளக்கம், பட்டியலாளர் சொற்களில்;
(உ) மூன்று காலங்களும், ஒவ்வொன்றிற்கும் உரிய சான்றும்;
(ஊ) பின்பக்கச் செய்தி, முத்திரை, மொழி.

'மர்மலாங் பாலம், மெட்ராஸ்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட அட்டை ஒன்று இருப்பதாகக் கொண்டால், (அ)வில் அவ்வரி மாறாமல் நிற்கும். (ஆ)வில் 'சைதாப்பேட்டை - மர்மலாங் பாலம்' என்னும் தலைப்பும், 'மறைமலையடிகள் பாலம், மேலும் காண்க' என்னும் குறிப்பும் அமையும். (இ)யில் பழைய செங்கல்பட்டு மாவட்டமும் இன்றைய சென்னையும் இடம்பெறும்.

சிறு நூலகங்களுக்கு இத்துணை உழைப்பு இயலாது என்னும் மறுப்பு எழக்கூடும். ஊர்ப்பெயர்ப் பட்டியலை ஒருமுறை வகுத்துவிட்டால் அதனை எல்லாத் தொகுப்புகளும் பயன்படுத்தலாம். ஒவ்வோர் அட்டைக்கும் புதிதாக ஆராய வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று வாசகரின் காலத்தைக் காப்பதைப் பற்றியது. பட்டியலாளர் ஒருமுறை செலவிடும் நேரம் பல வாசகர்க்குத் திரும்பத் திரும்ப மிச்சமாகிறது.

8. முடிவுரை

படக்குறிப்பைப் போற்றுதலும் அதற்குக் கட்டுப்படுதலும் வேறு வேறு. அச்சிட்ட வரியைச் சான்றாகக் காத்து, இடப்பெயரை வழக்கிலிருந்து பெற்று, இரண்டையும் ஒரே பதிவில் அருகருகே நிறுத்துவதே பட்டியலாளரின் கடமை. அவ்வாறு செய்யாதவிடத்து, நூறாண்டுக்கு முன் கடைக்காரர் வைத்த பெயரே இன்றும் தேடுவோரின் வழியை முடிவு செய்யும். பரங்கிமலையில் பிறந்து வளர்ந்த ஒருவர் பரங்கிமலை என்று தேடும்போது அம்மலையின் அட்டை அவர் முன் வந்து நிற்க வேண்டும். ஒரு பட்டியலின் தகுதியை அளக்க இதனினும் நேரிய சோதனை இல்லை.