58 கிராம் பந்தும் கடைசி ஓவரும்

வெற்றி யாருக்கு என்பது கடைசி ஓவர்வரை தெரியாமல் இழுபறியாக நீளும் ஆட்டத்தையே கிரிக்கெட் ரசிகர்கள் நெருக்கமான ஆட்டம் என்பர். 1986ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் 348 ஓட்டங்களை இலக்காகக் கொண்டு ஆடிய இந்திய அணி, ரவி சாஸ்திரி ஓர் ஓட்டம் எடுத்து எண்ணிக்கையைச் சமன்செய்த பிறகு, ஆட்டத்தின் கடைசிக்கு முந்தைய பந்தில் மணிந்தர் சிங்கை இழந்து 347இல் நின்றுபோனது. டெஸ்ட் வரலாற்றில், 1960இல் பிரிஸ்பேனில் நிகழ்ந்ததையும் சேர்த்து, இரு முறை மட்டுமே கண்ட சமன் முடிவு அது. ஐந்து நாள் ஆட்டம் அப்படி முடிவதற்குத் தற்செயலின் தயவு வேண்டியிருந்தது. அதே நகரின் வடக்கே, இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர்வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில் விடுமுறை நாள்களில் ஆடப்படும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டிலோ, இழுபறி என்பது இரு தரப்பும் சேர்ந்து செய்துகொள்ளும் ஒரு கைவினைப் பொருளாகவே இருக்கிறது.

இதை உணர, ஆட்டம் தொடங்குமுன் நடக்கும் பேச்சைக் கவனிக்க வேண்டும். இரு அணிகளும் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பணம் போட்டு, வென்றவர் எடுத்துக்கொள்ளும் ஆட்டத்துக்கு ‘பெட் மேட்ச்’ என்று பெயர். எத்தனை ஓவர், ஒருவர் அதிகபட்சம் எத்தனை ஓவர் வீசலாம், பந்து எந்தச் சுவரைத் தொட்டால் நான்கு, எந்த வீட்டுக்குள் விழுந்தால் ஆட்டமிழப்பு என்பவையெல்லாம் இடத்துக்கு இடம் பேசித் தீர்க்கப்படுகின்றன. கையை மடக்கி எறிவது, மாமரத்தில் கல் எறிவதை ஒத்திருப்பதால் ‘மாங்கா’ எனப்பட்டு, பெரும்பாலும் விலக்கப்படுகிறது. எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்பை மறைத்த காலில் பந்து பட்டால் ஆட்டமிழப்பு என்னும் விதி, பொதுவாகக் கிடையாது. நடுவராக நிற்பவர் மட்டை பிடிக்கும் அணியின் ஆளே என்பதால், ஊகித்துச் சொல்லும் தீர்ப்புக்கு இடமளிக்காமல் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். தெருவில் ஆடும்போது ஆள் ஒற்றைப்படையாக வந்தால் இரு அணிக்கும் பொதுவாக ஆடும் ‘காமன்’ ஒருவர் உருவாகிறார். ஒருமுறை தரையில் குத்தி எழுந்த பந்தைப் பிடித்தாலும் ஆட்டமிழப்பு என்னும் ‘ஒன் பிட்ச் கேட்ச்’ விதி, குறுகலான சந்தில் ஓங்கி அடிப்பவரின் கொட்டத்தை அடக்குகிறது. இவற்றைக் குழந்தைத்தனமான சலுகைகள் என்று ஒதுக்குவது பிழை. இடத்தின் அளவுக்கும் ஆள்களின் திறனுக்கும் ஏற்ப வெட்டித் தைக்கப்பட்ட இந்த விதிகள், ஓர் அணி மற்றதை நசுக்கிவிடாதபடி இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்துகின்றன.

அடுத்துச் சமன்செய்யும் வேலையைப் பந்தே செய்துவிடுகிறது. முறையான கிரிக்கெட் பந்தின் எடை ஏறக்குறைய 156 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம்தான். பருமனில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே ஏறக்குறைய அதே அளவு காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டிய பந்துக்கு மூன்றில் ஒரு பங்கு எடையே இருப்பதால், அதன் வேகம் தோல் பந்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரைவாகக் குறைகிறது. மேலே படர்ந்த பஞ்சு இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது. தோளில் இடியை வைத்திருப்பவனுக்கும் சாதாரண வீச்சாளனுக்கும் உள்ள இடைவெளி இங்கே குறைந்துவிடுகிறது. 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விடப்பட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர்வரை எழ வேண்டும் என்பது டென்னிஸ் பந்துக்கான விதி. அத்தகைய துள்ளலுடைய பந்தை, தோல் பந்துக்காரர்கள் நல்ல அளவு என்று போற்றும் இடத்தில் குத்தினால் அது நெஞ்சுயரத்துக்கு எழுந்து அடிக்க வாகாக வந்து நிற்கும். அதைத்தான் ‘லட்டு’ என்கிறார்கள். எனவே வீச்சாளரின் கலை முழுவதும் மட்டையாளரின் கால் நுனியில் விழும் யார்க்கரிலும், விரல்களுக்கிடையே வழுக்கி மெதுவாக வரும் பந்திலும் குவிகிறது. பஞ்சு உதிர்ந்து மொட்டையான பந்து காற்றில் சற்று விரைந்து போகும் என்பதால், இன்னிங்ஸுக்கு ஒரு புதுப் பந்து என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

வடசென்னையின் மூன்றாவது ஆட்டக்காரர் காற்று. கோடையில் காலையில் நிலத்திலிருந்து வீசும் காற்று, நண்பகலை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னரோ அடங்கி, கிழக்கிலிருந்து கடற்காற்று புகுகிறது. வடக்குத் தெற்காக அமைந்த ஆடுகளத்தில் இது குறுக்கே வீசும். தென்முனையில் நின்று வடக்கு நோக்கி ஆடும் வலக்கை மட்டையாளருக்குக் கால் பக்கம் மேற்காக இருப்பதால், அவர் இழுத்து அடிக்கும் பந்தைக் காற்று தூக்கிக்கொண்டு போகும். அதே மனிதர் வடமுனையிலிருந்து அதே அடியை அடித்தால், பந்து காற்றில் முட்டி நின்று எல்லைக்கோட்டருகே காத்திருப்பவரின் கையில் இறங்கும். தோல் பந்தில் நுணுக்கமாக மட்டுமே தெரியும் இந்த வேறுபாடு, 58 கிராம் பந்தில் ஆட்டத்தையே புரட்டிப்போடும். இடமின்மையால் ஒரே முனையிலிருந்து மட்டும் வீசப்படும் ஆட்டங்களில், காற்று திரும்பும் நேரத்தைக் கணித்துக் காஜி எடுப்பதா வீச்சு எடுப்பதா என்று முடிவுசெய்யும் தலைவர், காற்றை அறிந்து பாய் கட்டும் படகோட்டியின் உறவுக்காரர் ஆகிறார். காஜி என்பது மட்டை பிடிக்கும் முறையைக் குறிக்கும் சென்னைத் தெருச்சொல்.

2007இல் வெங்கட் பிரபு இயக்கத்தில் வெளிவந்த ‘சென்னை 600028’ படத்தில் விசாலாட்சி தோட்டத்து ஷார்க்ஸ் அணியின் எதிரிகளாக இராயபுரம் ராக்கர்ஸ் வைக்கப்பட்டது பொருத்தமான தேர்வு. ஆனால் திரைப்படம் இயல்பாகவே சிக்ஸரை நாடும். ரசிகர் நாட வேண்டியது வேறொன்று. கிடங்குகளும் ரயில் பாதைகளும் கொள்கலன் லாரிகள் நிற்கும் சாலைகளும் மிச்சம்விட்ட இடத்தில் ஆடுபவர்க்கு எல்லைக்கோடு ஒரு பக்கம் மிக அருகிலும் மறுபக்கம் எட்டாத் தொலைவிலும் இருக்கும். நெருக்கமான ஆட்டத்தில் அருகிலுள்ள பக்கத்துக்கு அடிக்கவிடாமல் வீசுவதும், தொலைவிலுள்ள பக்கத்தில் ‘டொக்கு’ வைத்து, அதாவது பந்தை மெல்லத் தட்டி, ஒன்றை இரண்டாக்கி ஓடுவதும்தான் மெய்யான போட்டி.

கடைசி ஓவரில் 6 ஓட்டம் தேவை என்று வைத்துக்கொண்டால், தேர்ந்த பார்வையாளர் வீச்சாளரின் கையைவிட, நேர் எதிரே எல்லையில் நிற்பவரின் கால்களைப் பார்ப்பார். அவர் நான்கு அடி முன்னால் வந்து நின்றால் யார்க்கர் வரப்போகிறது. பின்வாங்கினால் மெதுவான பந்து. இதை மட்டையாளரும் அறிவார், அவர் அறிவார் என்பதை வீச்சாளரும் அறிவார் என்பதால், சில வேளைகளில் அந்தக் கால்களே பொய் சொல்லும். வெற்றுப் பந்து ஒன்று போனால் குரல்கள் உயர்கின்றன. இரண்டு போனால் அடங்கிவிடுகின்றன. மட்டையை மாற்றித் தரச் சொல்லி நேரம் கடத்துவதும், பந்து புதருக்குள் போய்விட்டதென்று மெதுவாகத் தேடுவதும் ஆட்டத்தின் அழகைக் கெடுக்கும் தந்திரங்கள் என்று சொல்வோர் உண்டு. ஆனால், தாளக்காரர் ஒரு கணம் கையை நிறுத்திவைப்பதைப் போன்ற இவை இல்லாவிட்டால் கடைசிப் பந்துக்கு எடை கிடைக்காது.

எல்லாவற்றிலும் அரிய காட்சி அதற்குப் பின் வரக்கூடியது. ஒரு பந்து, இரண்டு ஓட்டம் என்ற நிலையில் பந்து தட்டப்பட, ஒன்று முடிந்து சமனாகி இரண்டாவதுக்குத் திரும்பி ஓடுகையில் எல்லையிலிருந்து வரும் எறி ஸ்டம்பைச் சாய்க்கிறது. வீச்சு முனையில் நிற்கும் நடுவர் மட்டை பிடிக்கும் அணியைச் சேர்ந்தவர். பந்தயத்தில் அவருடைய பணமும் இருக்கிறது. ஓடியவர் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்பதை அவ்வளவு அருகிலிருந்து பார்த்தவர் அவர் ஒருவரே. இருபது பேர் இரண்டு விதமாகக் கத்திக்கொண்டிருக்க, தன் அணிக்காரரின் முகத்தைப் பார்க்காமல், அவர் மெல்ல விரலை உயர்த்துகிறார்.