தோல் வாரில் தொங்கும் பழைய கண்ணாடி

பழைய சலூன் சுவரிலிருந்து இறக்கிய கண்ணாடிக்கு எந்த ஷோரூம் கண்ணாடியும் ஈடாகாது என்பது என் கட்சி. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் முடிதிருத்தும் கடைகள் ஏசி சலூன்களாகும்போதும் ஓட்டு வீடுகள் இடிபடும்போதும் இவை பழைய சாமான் கடைக்கு வந்து சேரும். கடைக்காரர் விலை சொல்வதெல்லாம் தேக்குச் சட்டத்துக்குத்தான். ரசம் போயிருந்தால் பேரம் இன்னும் சுலபம்.

ஆனால் அழகே அங்கேதான் இருக்கிறது. ஈரம் பெரும்பாலும் ஓரத்து வழியாகத்தான் உள்ளே புகும். முதலில் கடுகளவு கறுப்புப் புள்ளி. பிறகு சட்டத்தை ஒட்டியே படர்ந்து, பழுப்பும் சாம்பலுமாய்ப் புகைபோல் மேலேறும். 1835-இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கண்ணாடியின் முதுகில் வெள்ளி படியவைக்கும் வழியைக் கண்டார். அந்த மெல்லிய வெள்ளிதான் இப்படிக் கறுத்துப் போகிறது. விளிம்பைச் சாய்வாகப் பட்டை தீட்டியிருந்தால் ஒரு விரலால் வருடிப் பாருங்கள். சரிவு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குச் சட்டென்று பிடிபடாது. காலை வெயில் அதில் பட்டால் எதிர்ச்சுவரில் ஒரு கீற்று வானவில் விழும். சற்றே தலையை அசைத்தால் உள்ளே இருக்கும் ஜன்னல் கம்பி லேசாக நெளிகிறதா? உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் இன்றைய கண்ணாடியில் அந்த நெளிவைப் பார்க்க முடியாது.

இதை மாட்ட ஒரு வழி இருக்கிறது. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ழாக் அத்னே 1950-களில் எர்மெஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, வட்டக் கண்ணாடியின் விளிம்பைத் தோலால் தைத்து, தோல் வாரிலேயே தொங்கவிட்டார். அந்த அசல்கள் இன்று ஏலத்தில் எட்டாத விலைக்குப் போகின்றன. நமக்கென்ன, தோல் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது! விளிம்பு சுற்ற ஷூ கம்பெனிகளில் கழிந்த துண்டுத் தோல் போதும். வாருக்கு மட்டும் அது ஆகாது. குரோமில் பதனிட்ட அந்த மெல்லிய தோல் நாளடைவில் இழுபட்டுவிடும். பெல்ட் தைப்பவரிடம் பட்டை போட்டுப் பதனிட்ட தோலாகக் கேளுங்கள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு இந்த ஊர்கள் பதனிட்டதும் அந்த வகைதான். விறைப்பாக நிற்கும், புதிதில் வெளிறிய சந்தன நிறம், வெளிச்சம் பட்டுப் பட்டு தேன் நிறத்துக்கு வரும். ரசம் போன ஓரத்தின் பழுப்பும் அதுவும் அப்போது ஒன்றோடொன்று அவ்வளவு இசைந்து போகும்!

நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி, சட்டம் நீங்கலாகவே, சதுர மீட்டருக்குப் பத்து கிலோ இருக்கும். அதனால் பாரத்தைப் பின்னாலுள்ள போல்ட் தாங்கட்டும், வார் பார்வைக்கு இருக்கட்டும். குளியலறைச் சுவரில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். புது ரசம் பூசித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.