மூன்றாமவர் சொல்: தெரிந்துவினையாடலும் மருத்துவர் மாற்றலும்

திருக்குறளின் பொருட்பாலில் ஐம்பத்திரண்டாம் அதிகாரம் தெரிந்துவினையாடல். அரசன் தன் வினைக்குரியாரை எவ்வாறு அமர்த்தி ஆளவேண்டும் என்பது அதன் பொருள். பள்ளிகளில் இவ்வதிகாரத்தை நடத்துவோர் பெரும்பாலும் ஒரு கருத்தையே அழுத்திச் சொல்லுவர்: தகுதியுடையானைத் தேடி அவனுக்கு வேலை கொடு என்பது அது. பிழையான கருத்தன்று, ஆயினும் அது பாதிக் கருத்தே. தகுதியை ஆராயும் முறைக்கு வள்ளுவர் இதற்கு முந்திய அதிகாரமாகிய தெரிந்துதெளிதலைத் தனியே ஒதுக்கியிருக்கிறார். ஐம்பத்திரண்டாம் அதிகாரத்தின் நடு நரம்பு வேறு. இன்ன வினையை இன்ன கருவியால் இன்னவன் முடிப்பான் என்று தெரிந்த பின், அவ்வினையை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்பது அதன் ஏழாம் குறளின் முடிபு. தேர்ந்தெடுத்தல் ஒரு நாட் செயல். விட்டுவைத்தல் பல்லாண்டுச் செயல். பின்னதே அரசர்க்கு அரிது.

விட்டுவைத்ததன் பயனை அறியக் கிள்ளான் நகரமே ஒரு நல்ல சான்று தருகிறது. 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானில் மாவட்ட மருத்துவராக அமர்ந்தார். அவ்வாண்டே திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், மலேரியாக் காய்ச்சலால் நிலைகுலைந்தது. கொசுவே அந்நோயைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் மெய்ப்பித்து நான்காண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பு நிலத்தின் நீரை வடித்தார். புதரை அழிக்கச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் 582ஆக இருந்த இறப்பு 1902இல் 144ஆகக் குறைந்தது.

அந்த வெற்றியோடு அவரை வேறோர் ஊருக்கு மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெற்றி பெற்றவர் புகழோடு சென்றிருப்பார். அரைகுறை அறிவு மட்டும் ஊரில் தங்கியிருக்கும். ஏனெனில் தாழ்ந்த சமநிலத்தில் நோயை ஒழித்த அதே முறை, குன்றுப் பகுதித் தோட்டங்களில் நோயைப் பெருக்கிற்று. அங்கே காய்ச்சலைப் பரப்பிய கொசு, வெயில்படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் இனம். காட்டை வெட்டி நிழலை நீக்கியதே அதற்கு இடம் கொடுத்தது. இதனைக் கண்டறிந்து, நிலத்தடிக் குழாய் வடிகாலும் எண்ணெய் தெளித்தலுமாக முறையை மாற்றியமைக்க வாட்சனுக்குப் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. இடையில் அவர் அரசுப் பணியை விட்டுத் தோட்டங்களின் மருத்துவரானபோதும் நிலப்பகுதியை விடவில்லை. அன்றைய ஆட்சியாளர் துறைமுக வருவாயையும் ரப்பரையும் கருதியே அவருக்கு இடம் கொடுத்தனர் என்பது மெய். ஆயினும் அதனால் உயிர் தப்பியவர்களுள் தோட்டத் தமிழர் பலர். தன் பிழையைத் தானே காணும் வரையில் ஒருவனை ஓரிடத்தில் இருக்கவிட்டால்தான் பொதுச் சுகாதாரம் என்னும் கலை வளரும் என்பது இதனால் விளங்கும்.

அவ்வாறு இருக்கவிடாமல் தடுப்பது எது? இதற்கும் அவ்வதிகாரத்திலேயே விடை உண்டு. இடைவிடாது தன் வினையில் முயல்வானுடைய உரிமையை அரசன் மாறுபட நினைத்தால், அவ்வரசனை விட்டுச் செல்வம் நீங்கும் என்பது ஒன்பதாம் குறளின் கருத்து. மூலத்தில் இருப்பவர் இருவரே: அரசனும் வினை செய்வானும். உரை எழுதிய பரிமேலழகரோ மூன்றாமவர் ஒருவரை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். அவ்வுரிமையைப் பொறாதவரின் சொல்லைக் கேட்டே அரசன் மனம் மாறுகிறான் என்பது அவர் தரும் விளக்கம். மூலத்தில் இல்லாத ஒருவரை உரையாசிரியர் புகுத்துவது மிகையன்றோ என்று கேட்கலாம். மிகையன்று. நேற்றுவரை தெளிந்த அரசன் இன்று காரணமின்றி ஐயுறான். இடையில் ஒரு காதும் ஒரு வாயும் கூடியிருத்தல் வேண்டும். அரசியல் குறுக்கீடு என்று இக்காலத்தார் கூறுவது இந்த மூன்றாமவர் சொல்லையே.

மலாயா 1957இல் விடுதலை பெற்றபோது அரசமைப்பை வகுத்தோர் இவ்வாபத்தை அறியாதவர் அல்லர். பொதுப் பணியாளரை அமர்த்துதல், நிலைப்படுத்துதல், உயர்த்துதல், மாற்றுதல், ஒழுங்கு நடவடிக்கை எடுத்தல் ஆகியவை ஆணையத்தின் கடமை என 144ஆம் பிரிவு கூறுகிறது. மாற்றல் என்னும் சொல் அங்கே வெளிப்படையாக இடம் பெற்றிருப்பது கருதத்தக்கது. 1993ஆம் ஆண்டின் பொதுப்பணியாளர் நடத்தை விதிகளோ, தம் கோரிக்கைக்கு வெளியார் செல்வாக்கைத் தேடுதல் கூடாதென அலுவலரைத் தடுக்கின்றன. பேச்சு வழக்கில் ‘கேபிள்’ எனப்படுவது இச்செல்வாக்கே. ஆயின் இவ்விதி கேட்கும் அலுவலரைக் கட்டுகிறதேயன்றி, அவருக்காகவோ அவருக்கு எதிராகவோ வாய் திறக்கும் அரசியலாளரைக் கட்டுவது அதன் வேலையன்று.

அண்மைக் காலத்தில் இச்சிக்கல் வேறு வடிவிலும் வந்தது. 2016 டிசம்பர் முதல் மலேசியாவில் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டனர். 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் அவ்வாறு வந்தவர் இருபத்து மூவாயிரத்தை எட்டினர். நிரந்தரப் பதவி பெற்றோரோ 789 பேர். கோவிட் நோயால் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகள் திணறிய அவ்வாண்டு ஜூலை 26ஆம் நாள், ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்புடை அணிந்து கோலாலம்பூர் மருத்துவமனை முதலிய இடங்களில் வெளியே வந்து நின்றனர். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்பதற்குரிய அளவுகோல் வெளிப்பட வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று.

2023இல் ஆயிரக்கணக்கானோர் நிரந்தரப் பதவி பெற்றபோது, இணையவழி முறையில் பல மாநிலங்களுக்கும் அனுப்பப்பட்டனர். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆள் குறையும் என மலேசிய மருத்துவச் சங்கம் எச்சரித்தது. இதனை ஓர் அரசியலாளரின் கைவேலை என்று கூறுதல் முறையாகாது. சபா, சரவாக் மக்களுக்கும் மருத்துவர் வேண்டும். தலைநகரத்தார் எல்லாரையும் தம்மிடமே வைத்துக்கொள்ள உரிமை இல்லை. மாற்றல் என்பதே தீமை எனச் சொல்லுவார் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் ஒருவர் மாற்றல் நிற்க, மற்றொருவர் மாற்றல் நீங்குமாயின், இரண்டிற்கும் காரணம் எழுத்தில் இருத்தல் வேண்டும். இல்லையேல் செல்வாக்கே காரணம் என ஊர் பேசும். அப்பேச்சு பொய்யாயினும், அதனை நம்பிய மருத்துவர் அடுத்த முறை நோயாளியின் கட்டிலைவிட அரசியலாளரின் வாயிலையே நன்கு அறிந்துகொள்வார்.

மாற்றல் தண்டனையாகவும் ஆகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் நீதிமன்றம் வரை சென்ற சான்று உண்டு. 2019 அக்டோபர் இறுதியில் ஊதியம் முதலிய கோரிக்கைகளுக்காக அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அது முடிந்ததும் 118 மருத்துவர்கள் இடம் மாற்றப்பட்டனர். 2020 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அம்மாற்றல் ஆணைகளை நீக்கியது. நோயாளிகள் காத்திருக்க மருத்துவர் வேலையை நிறுத்துதல் தகுமா என்பது வேறு வழக்கு. அதற்குத் தண்டனை வேண்டுமாயின் குற்றம் சாட்டி, விளக்கம் கேட்டு, தீர்ப்புக் கூறும் வழி உண்டு. மாற்றல் என்னும் போர்வையில் தண்டனையை மூடிக் கொடுத்தால், குற்றமும் மெய்ப்பிக்கப்படாது; ஊரின் தேவையும் கருதப்படாது.

இந்திய உச்சநீதிமன்றம் 2013 அக்டோபர் 31ஆம் நாள் அளித்த தீர்ப்பு ஈண்டு நினைக்கத்தக்கது. தஞ்சையிற் பிறந்து நடுவண் அரசின் அமைச்சரவைச் செயலாளராக விளங்கிய டி. எஸ். ஆர். சுப்பிரமணியனும் ஓய்வு பெற்ற அலுவலர் பலரும் தொடுத்த வழக்கு அது. ஆட்சிப் பணியாளர்க்குக் குறைந்த அளவு பணிக்காலம் வகுக்க வேண்டும் என்றும், வாய்மொழி ஆணைகளை எழுத்தில் பதிய வேண்டும் என்றும் நீதிமன்றம் பணித்தது. பொதுவாக ஆட்சி அலுவலர் பற்றிய தீர்ப்பே ஆயினும், மருத்துவத் துறைக்கும் இதன் நெறி பொருந்தும். மூன்றாமவர் பேசக் கூடாதெனக் குடியாட்சியில் தடுக்க இயலாது. தொகுதி மக்கள் சார்பாக உறுப்பினர் பேசுவது அவர் கடமையுமாம். ஆனால் பேசியவர் பெயரும் பேசிய காரணமும் கோப்பில் ஏறினால், தக்க சொல் நிலைக்கும்; தகாத சொல் தானே கூசி நிற்கும்.

வினை செய்வானைக் கேள்வி கேளாது விட்டுவிடுக என்று வள்ளுவர் கூறவில்லை. நாள்தோறும் ஆராய்க என்பதே அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள். விட்டுவைத்தலும் ஆராய்தலும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல. இரண்டிற்கும் பகையாவது ஆராயாமற் பெயர்த்தலே.

பொருட்பாலின் மற்றொரு பகுதியில் மருந்து என்னும் அதிகாரம் நிற்கிறது. அதன் இறுதியில் நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் எனப் பகுதி நான்கு எண்ணப்படுகின்றன. அங்கே முதற்கண் எண்ணப்படுவோன் நோயுற்றவன். நான்காவதாக எண்ணப்படுவோன், இக்காலத்துச் செவிலியரையும் சுகாதாரப் பணியாளரையும் ஒத்தவன். மாற்றல் ஆணையிலோ பெயர் உடையவர் பணியாளர் ஒருவரே. பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ மாதந்தோறும் ஒரே மருத்துவரிடம் நீரிழிவுக்கு மருந்து பெறும் முதியவரின் பெயர் அதில் இராது. தம் நோயின் வரலாற்றைப் புதியவரிடம் மறுபடியும் முதலிலிருந்து சொல்லப்போகிறவர் அவரே. ஒவ்வொரு மாற்றல் ஆணையிலும் காரணம் எழுதப்பட வேண்டுமென்பது மருத்துவரின் வசதிக்காக மட்டும் அன்று. ஐம்பத்திரண்டாம் அதிகாரத்தைத் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தோடு சேர்த்து நடத்தும் ஆசிரியர், அக்காரணம் யாருக்குச் சொல்லப்பட வேண்டும் என்பதையும் மாணவர்க்கு எளிதில் விளக்கிவிடலாம்.