திரை உடைகளும் சேகரிப்பும்

திரைப்படம் கண்டு களிப்போர் நடிகரை அறிவர்; இயக்குநரையும் அறிவர். உடை வகுத்த கலைஞரை அறிந்தார் மிகச் சிலரே. இக்குறையின் விளைவை ஹாலிவுட் வரலாற்றிற் காணலாம்.

1970ஆம் ஆண்டு எம்.ஜி.எம். நிறுவனம், பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த படவுடைகளை ஏலத்தில் விற்றது. அவை பழந்துணியென மதிக்கப்பட்ட அந்நாளில், நடிகை டெபி ரெய்னால்ட்ஸ் தம் கைப்பொருள் கொண்டு நூற்றுக்கணக்கானவற்றை வாங்கினார். பிற நிறுவனத்தாரின் உடைகளையும் நாடிச் சேர்த்தார். நிலையான காட்சிசாலை ஒன்று அமைப்பதே அவர் நோக்கம். அது கைகூடாமையால் 2011இல் அவரே அவற்றை ஏலத்திற்கு விட நேர்ந்தது. 1955ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி செவன் இயர் இட்ச்’ படத்தில் மரிலின் மன்றோ அணிந்த வெள்ளை உடை, தரகு நீங்கலாக 46 இலட்சம் டாலருக்குப் போயிற்று. அதை வகுத்தவர் வில்லியம் டிராவில்லா. விலையை வியந்தவருள் அவர் பெயரை நினைத்தவர் எத்தனை பேர்?

விலையுயர்வே கலைக்குப் பெருமை என்பாரும் உளர். அது முழு உண்மையன்று. துணித்தேர்வு, தையல் முறை, உட்புறம் தைத்த பெயர்ச்சீட்டு, வேறொருவருக்காகப் பிரித்துத் தைத்த தடம் ஆகிய யாவும் ஒரு தொழிலின் சான்றுகள். ஒருங்கிருந்தபோது வரலாறு உரைத்த அவ்வுடைகள், தனித்தனிப் பேழைகளுட் புகுந்தபின் நடிகரின் நினைவுப்பொருள்களாகச் சுருங்கின. பழி சேர்த்தவரைச் சாராது. காலத்தில் காவாத தொழிலையே சாரும். லாஸ் ஏஞ்சல்ஸில் அகாடமி அரும்பொருட்காட்சியகம் திறக்கப்பட்டது 2021இல். ரெய்னால்ட்ஸ் மறைந்ததோ 2016இல்.

இனிச் சேர்ப்போர் விலையோடு வகுத்தவர் பெயரையும் காட்சியையும் குறித்து வைப்பாராயின், சிதறியவையும் ஒரு நூலின் ஏடுகளெனப் பொருள் தரும்.