சிலம்பும் சீட்டும்

சிலப்பதிகாரத்தைப் பற்றி நம்மவர் மேடைகளில் பேசப்படாத ஆண்டில்லை. பேசுவோர் கற்பைப் பேசுவர், ஊழைப் பேசுவர், மதுரை எரிந்ததைப் பேசுவர். அக்காப்பியம் ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் பற்றிய நூலுமாகும் என்று உரைப்பாரை நான் கண்டதில்லை. தோட்டத்துக் கணக்கேட்டோடு பொழுது கழிக்கும் ஒரு கிராணிக்கு இவ்வாறு தோன்றுவது தொழிற்பழக்கம் என்று அன்பர்கள் நகைக்கலாம். நகைத்தாலும் பொறுத்து, இளங்கோவடிகள் எழுதி வைத்த கணக்கை ஒருமுறை என்னோடு சேர்ந்து கூட்டிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். ஓர் ஆணும் பெண்ணும் ஒரே கூரையின்கீழ் வாழப் புகும்பொழுது எவர் கையில் எது இருந்தது, பிரியும்பொழுது எவர் கையில் எது எஞ்சிற்று என்பதே இங்கு வினா.

கோவலன் கண்ணகி திருமணம் புகார் நகரம் முழுவதும் அறிய நடந்தது. யானை மீது மகளிரை ஏற்றி ஊருக்கு அறிவித்தார்கள். பின்னர்க் கோவலனின் தாய் இருவரையும் தனி மனையில் குடியமர்த்தி, வேண்டிய பொருளையும் ஏவலரையும் அளித்தாள். இவ்வளவும் கோவலன் வழிப் பொருள். கண்ணகிக்கென்று இருந்தவற்றுள் கடைசிவரை அவளுடையதாகவே நின்றது அவள் காற்சிலம்பு ஒன்றே. முன்னோர் ஈட்டிய மலை போன்ற செல்வத்தைத் தொலைத்துவிட்டுக் கணவன் நாணித் திரும்பிய நாளில், அக்குடும்பத்துக்கு மிஞ்சிய முதல் அதுவே. மனைவி பெயரில் நின்ற பொருள்தான் கணவனுக்கு மீண்டும் வாணிகம் தொடங்க வழி காட்டிற்று. இதைக் கற்பின் பெருமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவோர் அடிகளின் நுட்பத்தில் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இனி மாதவியின் ஏட்டைப் புரட்டுவோம். அரங்கேற்றத்தில் அரசன் அளித்த மாலைக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை. கூனி கையில் அம்மாலையை நகரத் தெருவில் விற்கக் கண்டு, கோவலன் வாங்கிக்கொண்டு அவள் மனை புகுந்தான். அவ்வுறவின் தொடக்கத்தில் ஒரு விலை உண்டு, உடன்படிக்கை இல்லை. பல காலம் இணைந்து வாழ்ந்தார்கள். மணிமேகலை என்ற மகளும் பிறந்தாள். ஆயினும் கடற்கரையில் ஒரு பாட்டின் பொருளைத் தவறாகக் கொண்ட மாத்திரத்தில் அவன் எழுந்து போய்விட்டான். ஊரார் கூடவில்லை, ஒருவரும் அவனை நிறுத்திக் கேட்கவில்லை. அவளுக்கும் குழந்தைக்கும் என்ன ஏற்பாடு என்ற சொல்லே எழவில்லை. மாதவி இருமுறை ஓலை விடுத்தாள். வசந்தமாலை கொண்டுசென்ற முதலோலையை அவன் ஏற்க மறுத்தான். கோசிகன் கொண்டுசென்ற இரண்டாவதைக் கண்ட பிறகே அவள்மேல் குற்றமில்லை என்று உணர்ந்தான். உணர்ந்தும் பயன் என்ன? அவள் துறவு பூண்டாள். அன்பில் மாதவி எவருக்கும் குறைந்தவளல்லள். அவள் குறைந்தது உரிமையில்.

நூலின் உச்சமான வழக்குரை காதையையும் இக்கண்கொண்டு பார்க்கவேண்டும். கண்ணகி பாண்டியன் அவையில் அழுது மட்டும் வெல்லவில்லை. சான்று காட்டி வென்றாள். தேவியின் சிலம்பில் முத்துப் பரல். தன் சிலம்பில் மாணிக்கப் பரல். இதைச் சொல்லி, உடைத்தும் காட்டினாள். சான்று கேளாமல் தண்டித்த மன்னன் சான்றைக் கண்டதும் வீழ்ந்தான். பெண்ணின் சொல்லுக்குப் பின்னால் மறுக்கமுடியாத ஒரு பொருள் இருந்தமையால் அன்றோ அவள் சொல் அம்பலம் ஏறிற்று! மாதவியிடம் அத்தகைய பரல் ஒன்றும் இல்லை.

பழந்தமிழர் இதை அறியாதவரல்லர். காதலில் பொய்யும் தவறும் புகுந்த பிறகே பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் என்பது தொல்காப்பியர் கருத்து. அதாவது, கரணம் தோன்றியது தெய்வத்தை மகிழ்விக்க அன்று. பின்னாளில் ஒருவன் மறுக்காதிருக்க. அகநானூற்று 256ஆம் பாட்டில் கள்ளூர்ச் செய்தி ஒன்று வருகிறது. ஒரு பெண்ணைக் கூடிய ஒருவன், அவளை அறியேன் என்று பொய்ச் சூள் உரைத்தான். சான்று கொண்டு உண்மை தெளிந்த அவையத்தார் அவனை மரத்தில் கட்டித் தலையில் நீறு பெய்தார்கள். அவ்வூருக்கு அந்த அவை இருந்தது. அவை இல்லாத ஊரில் என்ன செய்வது?

நிற்க. இவ்விடத்தில் நம் சீர்திருத்தக்காரர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாத திருமணம் நடந்தது. அது முதல் ஆயிரக்கணக்கானோர் மாலை மாற்றி, உறுதிமொழி கூறி மணந்துகொண்டனர். பெரியார் 1929ஆம் ஆண்டு இறுதியில் மலாயா வந்தபின் இந்நாட்டுத் தமிழரிடையிலும் அக்கருத்து வேரூன்றிற்று. கொள்கை உயர்ந்தது, ஐயமில்லை. ஆனால் 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு சொத்து வழக்கில், அவ்வகைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு மனைவியாக வாழ்ந்தவள் ஒரே நாளில் வேறொன்றாக எண்ணப்படும் நிலை வந்தது. அண்ணா முதலமைச்சரான 1967இல்தான் சட்டம் இயற்றப்பட்டு, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்னர் நடந்தவையும் செல்லும் என்று ஆயிற்று. இடையில் கழிந்த ஆண்டுகளில் எத்தனை பெண்களும் பிள்ளைகளும் உரிமை இழந்தனரோ! மந்திரத்தை விட்டதில் தவறில்லை. மந்திரம் போன இடத்தில் சட்டத்தின் சாட்சியை வைக்க முடியாமற் போனதே இடையூறு.

இந்நாட்டில் நம் நிலை யாது? முஸ்லிமல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்து நிலைத்த திருமணங்களைச் சட்டமே பதிவானவையாக ஏற்றுக்கொண்டது. அதன் பின் நடப்பவை சட்டம் சொல்லும் முறையில் நடந்து பதிவாதல் வேண்டும். நம் லயங்களில் பலர் இதை இன்றும் உணரவில்லை. கோயிலில் தாலி கட்டி, ஊருக்கு விருந்திட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுகிறார்கள். "ரிஜிஸ்தரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். பட்டணத்துப் படித்த இளைஞரோ தாலியும் வேண்டாம், ரிஜிஸ்தரும் வேண்டாம், அன்பு போதும் என்கிறார்கள். இரு சாராரும் வந்து சேரும் இடம் ஒன்றே.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், பால் மரம் வெட்டும் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். அவரோடு பதினேழு ஆண்டு வாழ்ந்த அம்மாள், இரு பிள்ளைகளைக் கைப்பிடித்து ஆபீசுக்கு வந்து, "ஐயா, அவர் பணத்துக்கு எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். கோயில் தாலி கழுத்தில் இருந்தது. பதிவுச் சீட்டு இல்லை. சேமநிதித் தாளில் நியமனதாரராக நின்ற பெயரோ, அவர் பிரம்மசாரியாய் இருந்த காலத்தில் எழுதிய மூத்த அண்ணன் பெயர். பணம் அண்ணனுக்கே போயிற்று. அவர் நல்லவர்; பெரும்பகுதியைத் தம்பி பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கொடுத்தது அவர் மனம். கொடாதிருந்தால் அந்த அம்மாளுக்குக் கேட்க வழியில்லை. வீடும் வேலையோடு சேர்ந்த வீடாகையால் அதையும் ஒழித்துக் கொடுக்க நேர்ந்தது. அன்று அவருக்கு நான் சொல்ல முடியாத பதிலே இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

சட்டம் சொல்வதைச் சுருங்கக் கூறுவேன். உயில் இன்றி ஒருவர் இறந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்குப் பங்குண்டு. உடன் வாழ்ந்தவள் என்ற பெயருக்குப் பங்கில்லை. மணவிலக்கின்போது இருவர் உழைப்பால் சேர்ந்த சொத்தைப் பிரிக்க நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம், மணம் இல்லாதவிடத்துச் செல்லாது. அவள் கூலியில் கட்டிய தவணையாயினும், வீட்டுப் பத்திரத்தில் பெயர் இல்லையேல் தனி வழக்காடித் தன் பணம் என்று மெய்ப்பிக்க வேண்டும். பெர்கேசோ வழங்கும் பிழைத்தோர் ஓய்வூதியமும் விதவை என்ற நிலையைக் கேட்கும். பிள்ளைக்குச் செலவுப் பணம் கேட்க மட்டும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. குடும்ப வன்முறைச் சட்டம், 1994இல் இயற்றப்பட்டது, சற்றே கண்திறந்தது. பதிவில்லாவிடினும் வழக்கச் சடங்கோடு மணந்தவளை அது காக்கும். சடங்கும் இல்லாதவளுக்கு அக்குடை எட்டாது. இந்தியாவிலோ 2005ஆம் ஆண்டுச் சட்டம் திருமணத்தை ஒத்த உறவையும் காக்கிறது. கோயம்புத்தூர் வழக்கு ஒன்றில் 2010இல் உச்சநீதிமன்றம் அத்தகைய உறவுக்கு இலக்கணமும் வகுத்தது. நம் நாட்டில் அவ்விலக்கணம் இன்னும் பிறக்கவில்லை.

அன்பு கொண்டார் நடுவே கணக்கு எதற்கு என்று கேட்பார் உளர். 1998, 1999ஆம் ஆண்டுகளில் நம் புக்கிட் பெலண்டோக்கைத் தாக்கிய நிப்பா நோயை நினைக்குமாறு அவரை வேண்டுவேன். நாடு முழுதும் நூற்றுக்கு மேற்பட்டோரை அது வாரிக்கொண்டு போயிற்று. நன்றாயிருந்தவர் சில நாளில் மறைந்தனர். மரணம் தேதி சொல்லி வருவதில்லை. அன்பு இருக்கும்பொழுதே கணக்கை எழுதவேண்டும்; அது போனபின் எழுத ஒருவர் கையும் வராது; உயிர் போனபின் எழுதக் கையே இராது.

ஆகவே, மணக்கத் தகுதியுடையார் தேசியப் பதிவிலாகாவிலோ, துணைப் பதிவாளர் உள்ள கோயிலிலோ பதிந்துகொள்வாராக. முன்பே பிறந்த பிள்ளைகளுக்கும் பெற்றோரின் பிற்பட்ட திருமணம் நலம் தருவதை 1961ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மணவாது வாழத் துணிவோரை நான் பழிக்கவில்லை; அவர்கள் சேமநிதியில் ஒருவரையொருவர் நியமித்து, உயில் எழுதி, வாங்கும் வீட்டில் இருவர் பெயரையும் இடுவாராக. பின்னர் மணந்தால் முன்னெழுதிய உயில் பொதுவாக நீங்கும். புதிது எழுதவேண்டும் என்பதையும் மறவாதிருப்பாராக.

நம் கவிஞர்களும் நாடகக்காரர்களும் கண்ணகியை மேடையேற்றும் போதெல்லாம் எரியும் மதுரையைக் காட்டி முடிக்கிறார்கள். ஒருமுறையேனும், அவை நடுவில் உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கத்தைக் காட்டி நிறுத்துவார்களாயின், எங்கள் லயத்துப் பெண்களுக்கு அது பெரிய உதவியாகும்.